ஓசூர்ச் சாலை வரலாறு – 14: தகப்பன் பெயரும் தாய் பெயரும்

சென்ற இதழில், பெங்களூர் நகரத்தை விட்டு ஓசூர்ச் சாலை புறப்படுகிற இடத்திலே, வாகன இரைச்சலுக்கு நடுவில் கிடக்கும் புராட்டஸ்டண்டுக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசினோம். கல்லறைக் கல் என்பது காசு படைத்தவர்க்கு வாய்த்த சாசனம். கர்னலுக்கும் கமிஷனருக்கும் அவர்தம் மனைவிமார்க்கும் அது கிடைத்தது. எட்டணாச் சம்பளத்துக்கும் சாராயத்துக்கும் இடையே வாழ்ந்து காலராவில் மாண்ட சாதாரணச் சோல்ஜருக்கு மண் மட்டுமே கிடைத்தது. ஆயினும் அந்தச் சோல்ஜர் சாவதற்கு முன்பு ஒரு குழந்தைக்குத் தகப்பனாகி, அதைப் பாதிரியாரிடம் எடுத்துச் சென்று ஞானஸ்நானம் செய்வித்திருப்பானாகில், அவன் பெயரும் அவன் சேர்ந்திருந்த பட்டாளத்தின் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தப் பதிவேடுகளின் விருத்தாந்தமே இந்த அத்தியாயம்.

இதே சாலையில் தெற்கே பதினெட்டுக் கிலோமீட்டர் அளவில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் கிராமங்களின் நிலத்தில், 1970களின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் என்னும் சர்க்கார் நிறுவனம் 332 ஏக்கரில் அமைத்த எலெக்ட்ரானிக் சிட்டியிலே இன்று வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கு, லண்டனிலும் மான்செஸ்டரிலும் உள்ள உத்தியோகஸ்தர்களோடு அன்றாடம் பேச வேண்டியிருக்கிறது. வேலைப் பேச்சு முடிந்தபின், அந்தப் பக்கத்திலிருந்து, "என் பாட்டனாருடைய பாட்டனார் உங்கள் ஊரில்தான் பிறந்தாராம், அதற்கு அங்கே ஏதேனும் ஆதாரம் கிடைக்குமா?" என்று ஒரு கேள்வி வருவதுண்டு. இந்தப் பையன்கள் அதை என்னிடம் கொண்டு வருகிறார்கள். கேட்பவர் மைசூர் சமஸ்தானத்துப் பழைய ரிக்கார்டுகளைத் தேடிக் கொண்டிருப்பார். அங்கே அவருக்கு ஒன்றும் அகப்படாது. பெங்களூர் மைசூர் மகாராஜாவின் பூமியில் இருந்தபோதிலும், பெங்களூர்த் தண்டில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தையின் பெயர் சென்னை ராஜதானியின் கணக்கிலே எழுதப்பட்டது.

இதன் காரணம் படைகளின் போக்குவரத்தில் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அங்கே தங்கிய கம்பெனிப் படையை அவ்வூரின் காய்ச்சல் வாட்டியெடுக்கவே, 1809இல் பெங்களூரில் தண்டு இறக்கினார்கள். வந்த படை சென்னைப் படை; அதனோடு வந்த சிப்பாய்களும் சமையற்காரர்களும் சலவைக்காரர்களும் குதிரைக்காரர்களும் கடைக்காரர்களும் பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள்; அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றுவரை தமிழ் ஒலிப்பதற்கு மூலகாரணம் அந்தப் பயணமே. படைக்குச் சம்பளம் கொடுத்த சென்னை சர்க்காரே பாதிரியார்க்கும் சம்பளம் கொடுத்தது. 1808இல் அஸ்திவாரமிட்டு 1812இல் முடிந்து, 1816இல் கல்கத்தாவின் முதல் பிஷப்பான மிடில்டன் பிரதிஷ்டை செய்த செயின்ட் மார்க்ஸ் ஆலயம், இன்று மகாத்மா காந்தி சாலை முனையில் நிற்கிறதே, அதுவே தண்டின் ஆதி ஆங்கிலிக்கன் கோயில். அங்கே நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பாதிரியார் தம் பதிவேட்டில் எழுதி, காலந்தவறாமல் அதற்கொரு நகலைச் சென்னைக்கு அனுப்புவார். சென்னையில் குமாஸ்தாக்கள் அதை மறுபடியும் நகலெடுத்து, கம்பெனியின் டைரக்டர்களுக்காக லண்டனுக்குக் கப்பலேற்றுவார்கள்.

அந்த லண்டன் நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு பத்திரமாக இருக்கின்றன. வங்காளத்துக்கு என்.1, சென்னைக்கு என்.2, பம்பாய்க்கு என்.3 என்று குறியீடு. சென்னை வரிசை 1698இல் தொடங்குகிறது. மற்ற இரண்டும் அதற்குப் பிற்பட்டவை. இவற்றைப் படம் பிடித்து 2014இல் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். காசு கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். காசு கட்ட மனமில்லாதவர்க்கு, அமெரிக்காவில் மார்மன் சபையார் நடத்தும் ஃபேமிலி சர்ச் என்னும் அட்டவணையும், 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் என்னும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கத்தார் சிரத்தையோடு தொகுத்த பட்டியல்களும் உண்டு. ஒரு விஷயம் மட்டும் மனத்தில் இருக்க வேண்டும். நாம் பார்ப்பது நகலின் நகல். கோரமண்டல வெயிலில் வேர்வை வழிய உட்கார்ந்து, தமக்குப் பழக்கமில்லாத அயர்லாந்து, ஸ்காத்லாந்துப் பெயர்களைப் பார்த்து எழுதிய குமாஸ்தாவின் கை அதில் இருக்கிறது. ஆகவே பெயரின் எழுத்துக் கூட்டல் ஒத்து வரவில்லை என்று சலித்துத் திரும்பிவிடலாகாது. ஒலியை வைத்துத் தேட வேண்டும்.

ஒரு பக்கத்தைப் பிரித்தால் என்ன இருக்கும்? ஞானஸ்நானம் நடந்த தேதி, பிறந்ததாகப் பெற்றோர் சொன்ன தேதி, குழந்தையின் பெயர், ஆணா பெண்ணா என்பது, பெற்றோரின் பெயர், குடும்பப் பெயர், வசிக்கும் இடம், தகப்பனின் தொழில், சடங்கை நடத்தியவர் கையெழுத்து. இங்கிலாந்தில் 1812ஆம் வருஷத்துச் சட்டத்தினால் வந்து 1813 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறையான அச்சுப் படிவத்தில் பிறந்த தேதிக்குக் கட்டமே கிடையாது. இந்தியப் படிவத்தில் உண்டு. அந்த மட்டில் இங்கே பிறந்தவனின் சந்ததியார் பாக்கியசாலிகள். ஆனால் தேடுகிறவனுக்கு உயிர்நிலையான கட்டம் தொழிற்கட்டமே. அதில் பீரங்கிப் படையில் கன்னர் என்றோ, இன்ன எண்ணுள்ள ராஜாவின் காலாட்படையில் சார்ஜண்டு என்றோ, சென்னை ஐரோப்பியப் பட்டாளத்தில் சோல்ஜர் என்றோ எழுதியிருக்கும். வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது. தகப்பன் ராஜாவின் பட்டாளத்தைச் சேர்ந்தவனாகில், லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், செல்சீ ஆஸ்பத்திரி வழியாக ஓய்வூதியம் பெற்ற சோல்ஜர்களின் பத்திரங்கள் 1760 தொடங்கி இருக்கின்றன. கம்பெனிப் பட்டாளமாகில் அவனுடைய சேர்க்கைப் பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்திலேயே இருக்கின்றன. செல்சீப் பத்திரத்தில் அவனுடைய உயரம், முடியின் நிறம், முந்திய தொழில் ஆகியவற்றோடு அவன் பிறந்த பாரிஷின் பெயரும் ஜில்லாவின் பெயரும் இருக்கும். பெங்களூரில் தொடங்கிய நூல் அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு ஏதோ ஓர் இங்கிலீஷ் கிராமத்துக் கோயிலில் போய் இறங்குகிறது.

அங்கே இன்னொரு நீண்ட கதை காத்திருக்கிறது. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் 1538ஆம் வருஷம் செப்டம்பரில் ஒரு கட்டளையிட்டார். ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு புஸ்தகம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்து ஞானஸ்நானம், விவாகம், அடக்கங்களைப் பாதிரியார் எழுத வேண்டும் என்பதும், அப்புஸ்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, ஒரு சாவியைப் பாதிரியாரும் மற்றதைக் கோயில் தர்மகர்த்தாக்களும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் சாரம். புதிய வரி ஒன்று போடுவதற்கு இது முன்னேற்பாடு என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயம் அடியோடு வீண் போகவும் இல்லை; இருநூற்றைம்பது வருஷம் சென்றபின், 1783இல், ஒரு பதிவுக்கு மூன்று பென்னி என்று தீர்வை வந்தே விட்டது. தரித்திரர்க்கு அதிலிருந்து விலக்கு இருந்தபடியால், அந்த வருஷங்களில் பல ஊர்ப் புஸ்தகங்களில் தரித்திரர் தொகை திடீரென்று பெருகக் காண்கிறோம். 1794இல் அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் எழுதியது காகிதத்தில்; அது நைந்தது. 1598இல் பழையவற்றைத் தோல் ஏட்டில் திருப்பி எழுதும்படி உத்தரவு வந்தபோது, விசேஷமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து எழுதினால் போதும் என்று பொருள்படும் ஒரு சொற்றொடர் அதில் இடம்பெறவே, பிரயாசைக்கு அஞ்சிய பாதிரிமார்கள் அதையே பற்றிக்கொண்டார்கள். எத்தனையோ பாரிஷ்களின் புஸ்தகம் 1538இல் தொடங்காமல் 1558இல் தொடங்குவதற்கு இதுவே ஹேது. வருஷந்தோறும் பிஷப்புக்கு ஒரு நகல் அனுப்பும் வழக்கமும் அப்போது உறுதிப்பட்டது. மூலத்தை எலியோ வெள்ளமோ கொண்டுபோன ஊர்களில் அந்த நகலே கைகொடுக்கிறது. உள்நாட்டுப் போரையும் அதன் பிற்பாடு வந்த குடியரசுக் காலத்தையும் சேர்த்து 1640களிலும் 1650களிலும் பல புஸ்தகங்களில் பெரிய இடைவெளி உண்டு; அதைத் தாண்டுவது எவர்க்கும் கஷ்டமே.

தேதி விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1752 வரையில் இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25ஆம் தேதி பிறந்தது. ஆகையால் 1720 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1721 பிப்ரவரி ஆகும். இதை அறியாதவர்கள், 1720 மேயில் பெற்றோர்க்கு விவாகமும் 1720 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் நடந்ததாகக் கண்டு, தங்கள் குலத்துக்கு இழுக்கு வந்ததாக நினைத்து வருந்துவார்கள். இழுக்கு ஒன்றுமில்லை, காலண்டர் மாறியது அவ்வளவே. மற்றொன்று: ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொள்ளக்கூடாது. பிறந்த சில நாளிலேயே செய்வித்தவர்களும் உண்டு. ஐந்து பிள்ளைகளும் பிறந்தபின் ஒரே நாளில் எல்லாரையும் அழைத்துச் சென்றவர்களும் உண்டு. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அடக்கப் பதிவேட்டைப் பாராமல் முதல் வில்லியத்தையே தம் முன்னோனாக வரித்துக்கொண்டவர்கள், மூன்று மாதத்தில் இறந்த சிசுவிலிருந்து தங்கள் பரம்பரையை வளர்த்தவர்கள் ஆகிறார்கள். சர்க்காரே பிறப்பைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு அங்கே 1837 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முற்பட்ட காலத்துக்குப் பாரிஷ் புஸ்தகமே கதி.

இவ்வளவும் இங்கிலீஷ்காரர்களே எழுதிய கைப்புஸ்தகங்களில் கிடைக்கும். அவற்றில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை, தமிழ் வாசகர்களுக்கு முன்னால் நான் சற்று விரிவாகவே வைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்துக் கிராமத்துப் பதிவேட்டில், விவாகமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தையின் வரியைப் பாருங்கள். தாயின் பெயர் முழுமையாக இருக்கும். தகப்பனுக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். அல்லது இன்னான் என்று ஊரார் கருதுவதாக ஒரு குறிப்பு இருக்கும். அதே படிவம், அதே சபையின் பாதிரியார், அதே சடங்கு, கப்பலேறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தவுடன் தலைகீழாகிவிடுகிறது. இங்கே தகப்பனின் பெயர், பதவி, பட்டாளம் எல்லாம் ஸ்பஷ்டமாக இருக்கின்றன; தாயின் இடம் வெறுமையாகவோ, சுதேசிப் பெண் என்ற மட்டிலோ நின்றுவிடுகிறது. அங்கே மறைந்தவன் ஆண்; இங்கே மறைந்தவள் பெண்; அவள் பெரும்பாலும் நம்முடைய பெண்.

ஆதியில் இப்படி மறைக்க வேண்டிய அவசியம் கம்பெனியாருக்கு இருந்ததில்லை. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்னும் கவர்னர் முயற்சியால் எழுந்து 1680 அக்டோபர் 28ஆம் தேதி பிரதிஷ்டையான சென்னைக் கோட்டை செயின்ட் மேரீஸ் ஆலயத்தில், பதிவேடும் அவ்வருஷமே தொடங்கிற்று. நவம்பர் 4ஆம் தேதி, பின்னாளில் கவர்னரான எலிஹு யேலுக்கும் காதரீன் ஹின்மர்ஸ் என்னும் விதவைக்கும் நடந்ததே அங்கே முதல் விவாகம். 1689 ஆகஸ்டு 19ஆம் தேதி அதே கோயிலில், கல்கத்தா நகரை நிலைநாட்டியவர் என்று புகழ்பெற்ற ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுடைய தாய் ஓர் இந்துப் பெண். உடன்கட்டை ஏறப்போனவளைச் சார்னாக் மீட்டு வந்து உடன் வாழ்ந்தார் என்பது மரபு. மேரி, எலிசபெத், காதரீன் என்ற அந்த மூன்று பெண்களின் பெயரும் நமக்குத் தெரியும். அவர்களைப் பெற்றவளுக்கு அவள் பெற்றோர் இட்ட பெயர் இன்னதென்று உறுதிப்படவில்லை.

இதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1687இல், கம்பெனியின் டைரக்டர்கள் சென்னைக்கு ஒரு விசித்திரமான லிகிதம் எழுதியிருந்தார்கள். கோட்டைச் சோல்ஜர்கள் சுதேசிப் பெண்களை மணந்துகொள்வதை ஊக்குவிக்க வேண்டும். அப்படிப்பட்ட விவாகத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. போர்த்துக்கீசியப் பாதிரிமார் பக்கம் குடும்பங்கள் சாய்வதைத் தடுப்பதும், கூலி குறைந்த சோல்ஜர் சந்ததியை இங்கேயே விளைவித்துக் கொள்வதும் உத்தேசம். தர்ம சிந்தை என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தாய் கோயில் வாசலில் வந்து நின்று காசு பெற்றுக்கொள்ளும் உரிமையுடைய ஒருத்தியாகவாவது அன்று எண்ணப்பட்டாள்.

நூறு வருஷத்தில் காற்று மாறிற்று. 1791இல், சுதேசித் தாய்க்குப் பிறந்தவர்கள் கம்பெனியின் உயர்ந்த சிவில், இராணுவ, கப்பல் உத்தியோகங்களுக்கு லாயக்கற்றவர்கள் என்று டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். 1795இல் அந்தத் தடை இன்னும் இறுகிற்று. அது முதற்கொண்டு, பதிவேட்டில் தாயின் பெயர் முத்தம்மாள் என்று நிற்பது பிள்ளையின் பிழைப்புக்கே விக்கினம் ஆயிற்று. தகப்பன் விவேகியாகில் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்வான். அல்லது அவளுக்கும் ஞானஸ்நானம் செய்வித்து மேரி என்றோ ஆன் என்றோ எழுதச் செய்வான். குடும்பப் பெயர் இல்லாத மேரிகள் சென்னைப் பதிவேடுகளில் வரும்போதெல்லாம் நாம் சற்று நின்று பார்ப்பது நல்லது. எல்லா மேரியும் தமிழச்சி என்று சாதிப்பதும் தவறு. போர்த்துக்கீசிய வம்சத்தவரும் தெலுங்குப் பெண்களும் அதில் கலந்திருப்பார்கள். அனுமானத்தைப் பிரமாணம் ஆக்கிவிடாமல், வேறு வாசல்களைத் தட்ட வேண்டும்.

அந்த வாசல்களில் ஒன்று உயில். பாதிரியாருக்குச் சொல்லாததைச் சாகும் தறுவாயில் வக்கீலுக்குச் சொன்ன துரைமார் பலர். நாவலாசிரியர் தாக்கரே 1811இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவர் தகப்பனாருக்கு முன்பே ஷார்லட் சோபியா ரட் என்னும் கலப்பினப் பெண்ணிடம் சாரா என்றொரு மகள் இருந்ததும், அவ்விருவர்க்கும் அவர் ஜீவனாம்சம் வைத்துப் போனதும் உயிலினால் வெளிவந்தவை. இன்னொரு வாசல் ரோமன் கத்தோலிக்கக் கோயில். பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர் கணிசமாக இருந்தபடியால் அவர்கள் பிள்ளைகள் செயின்ட் மார்க்ஸுக்குப் போகாமல், இன்று சிவாஜிநகரில் பசிலிக்காவாக விளங்கும் மரியன்னை ஆலயம் போன்ற இடங்களுக்குப் போனார்கள். கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் என்பவன் ஜகோபுஸ் ஆகவும் ஜான் என்பவன் ஜோவான்னெஸ் ஆகவும் உருமாறியிருப்பான். ஆனால் ஞானத்தாய் தகப்பன்மாரின் பெயரையும் எழுதுவது அவர்கள் சம்பிரதாயம். ஆங்கிலிக்கன் அச்சுப் படிவத்தில் அதற்கு இடமில்லை. சித்தியோ அண்டை வீட்டுக்காரியோ ஞானத்தாயாக நின்ற அந்த வரியிலே, தாயின் உறவு முறை ஒரு கணம் தலைகாட்டும்.

மூன்றாவது வாசல் பிரிவினைச் சபைகள். கர்நாடகக் கல்வெட்டுகளைத் தொகுத்து, மடிவாளம், தொம்மலூர் கோயில்களின் தமிழ்ச் சாசனங்களைப் படிக்கும் பாக்கியத்தை நமக்கு உண்டாக்கிய எபிகிராபியா கர்னாடிகா வரிசையின் ஆசிரியர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், 1837இல் இந்தப் பெங்களூரிலேயே பிறந்தவர். அவர் தகப்பனார் லண்டன் மிஷன் ஊழியர். சர்க்கார்ப் பாதிரியார் அல்லர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளையைச் செயின்ட் மார்க்ஸ் புஸ்தகத்தில் தேடுவது, பெருமாள் கோயிலில் விபூதி கேட்பது போல. மிஷனுடைய கடிதக் கட்டுகளிலே தேட வேண்டும்.

ஊர்ப் பெயரை நம்புவதிலும் ஜாக்கிரதை வேண்டும். கிரிக்கெட் வீரர் காலின் கௌட்ரி பிறந்த ஊர் பெங்களூர் என்று நெடுநாள் புஸ்தகங்களில் அச்சேறி வந்தது. அவர் 1932 டிசம்பரில் பிறந்தது நீலகிரியில் தகப்பனாரின் தேயிலைத் தோட்டத்தில். இருபதாம் நூற்றாண்டிலேயே நூறு மைல் பிசகு நேர்ந்ததென்றால், பாதிரியாரே இல்லாத சிறு முகாம்களில் பிறந்து, மாதக்கணக்கு கழித்துப் பெரிய தண்டில் ஞானஸ்நானம் பெற்ற பழைய காலத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பானேன்?

1947க்குப் பிறகு இப்பதிவேடுகளுக்குத் திடீரென்று ஒரு மவுசு பிறந்தது. ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட எண்ணினார்கள். 1948ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டமோ, பிரிட்டனில் பிறந்த ஒருவரிடமிருந்து ஆண் வழியாக இறங்கியவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. கோயில் கோயிலாக ஞானஸ்நான நகலுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பாட்டனாருக்குப் பாட்டனார் பீரங்கிப் படைக் கன்னர் என்ற ஒரு வரி, கப்பல் சீட்டுக்குச் சமானம் ஆயிற்று. நம் அரசியல் சாசனமும் 366ஆம் பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கையில், தகப்பன் வழியில் ஐரோப்பிய வம்சம் உடையவர் என்றே சொல்லுகிறது. மக்களவையில் அவர்களுக்கு இருந்த இரண்டு நியமன ஸ்தானங்கள் 2020இல் போய்விட்டன. வரையறை அப்படியே இருக்கிறது. பதிவேட்டுப் பாதிரியார் தாயின் கட்டத்தைத் தாண்டிப் போனது போலவே, லண்டன் சட்டமும் டில்லிச் சட்டமும் தாண்டிப் போயிருக்கின்றன.

எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவே. உங்கள் இங்கிலீஷ் நண்பருக்குச் சென்னை வரிசையைக் காட்டுங்கள்; பட்டாளத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; செல்சீப் பத்திரத்துக்கும் அங்கிருந்து பாரிஷுக்கும் அவரே போய்ச் சேர்ந்துவிடுவார். தாயின் கட்டம் வெறுமையாக இருந்தால், அதையும் அவர் குறித்துக்கொள்ளட்டும். அவர் தேடிவந்த முன்னோருள் பாதிப் பேருக்குத் தாய்மொழி தமிழாக இருந்திருக்கலாம் என்று சொல்லுவதில் தவறில்லை.

இந்தக் கலப்புக் குடும்பங்கள் தமக்கென்று ஓர் ஊரே அமைத்துக்கொள்ளப் புறப்பட்டதும், டேவிட் எம்மானுவல் ஸ்டார்கன்பர்க் ஒயிட் என்பவர் தூண்டுதலால் 1882இல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 3,900 ஏக்கர் நிலம் அளித்ததும், அந்த ஒயிட்ஃபீல்டு நம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இரட்டைப் பிள்ளை போல இன்று கம்ப்யூட்டர்க் கம்பெனிகளால் நிறைந்திருப்பதும் தனிக் கதை. அது அடுத்த இதழில்.

(தொடரும்)